மீனை நிறுத்தாதீர்கள்: கீமோ ஓடும் வீட்டில் நடக்கும் தவறுகள்

பீடி, மாவா, குவார்ட்டர் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை கெடுதல் என்று தெரியாதவர் இந்த வடசென்னையில், காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ யாரும் இல்லை. பீடியையும் மாவாவையும் விட நினைத்தும் முடியாதவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கூப்பிடலாம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு நடக்கும் நாட்களில் புகைத்தால் அந்தச் சிகிச்சையின் பலனே குறையும்.

எழுத வேண்டியது, நல்லது என்று நம்பிச் செய்யும் தவறுகளைப் பற்றி. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கீமோ என்ற மருந்து ஊசி போட்டாலும் சரி, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போய் வந்தாலும் சரி, புற்றுநோயாளியைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளத் தொடங்கும் வீட்டில் முதல் மாதம் நடப்பது ஒன்றுதான்: அக்கறை கூடக்கூடத் தட்டில் விழுவது குறைந்துகொண்டே போகும்.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மார்பில் அறுவைசிகிச்சை முடிந்து இரண்டாவது கீமோ ஓடிய பெண். கணவர் விசைப்படகுக்குப் போகிறவர், வீட்டுக்கு மீன் வராத வாரமே கிடையாது. எல்லோருக்கும் குழம்பு கொதிக்கிறது, அவருக்கு மட்டும் டம்ளரில் அரிசிக்கஞ்சி. "மீனு கிரந்திம்மா, தையல் போட்ட எடம் சீழ் வெச்சிக்கும்" என்கிறார் மாமியார். முட்டை சூடு. தயிர் சளி. பருப்பு வாயு. எதிர்வீட்டு அக்கா வந்து பாலையும் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போகிறார். ஒருவர் சொன்னதிலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஆறு வாரத்தில் 58 கிலோ 53 ஆகிவிடுகிறது. மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிறது.

இதே மாமியார்தான், சிசேரியன் தையலோடு வீடு வந்த மகளுக்குப் பால் சுறா தேடி வாங்கிப் புட்டு செய்து போட்டிருப்பார். அந்தத் தையல் சீழ் வைக்கவில்லையே! புண்ணில் சீழ் வைப்பது கிருமி, மீன் இல்லை. கிழிந்த தோலையும் தசையையும் உடம்பு மறுபடி கட்டுவது புரதத்தைக் கொண்டுதான். கீமோ அடித்துப்போட்ட வெள்ளை அணுக்களை மறுபடி உண்டாக்கவும் அதுவே வேண்டும். மீன் சாப்பிட்டால் முன்பிருந்தே உடம்பு தடிக்கும், அரிக்கும் என்றிருப்பவர் தவிர வேறு யாரும் மீனை நிறுத்தக் காரணம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். சிகிச்சையில் இருப்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதமும், 25 முதல் 30 கலோரியும் தேவை. 60 கிலோ இருந்தால் 60 முதல் 90 கிராம் புரதம், 1500 முதல் 1800 கலோரி. பத்தியக்காரத் தட்டில் என்ன இருக்கிறது? நான்கு இட்லியில் சுமார் 8 கிராம். மூன்று டம்ளர் கஞ்சியில் 6. கொஞ்சம் ரசம் சாதத்தில் 6. இரண்டு டீ, நாலு பிஸ்கெட்டில் 5. மொத்தம் 25 கிராம், ஏறக்குறைய 1000 கலோரி. மீதியை உடம்பு எங்கிருந்து எடுக்கும்? தொடையிலிருந்தும் தோளிலிருந்தும் தசையைக் கரைத்து எடுக்கும்.

தசை கரைந்தவருக்கு அதே அளவு கீமோ மருந்தின் பக்கவிளைவு அதிகமாக அடிக்கும். அடுத்த ஊசி தள்ளிப்போகும், அல்லது அளவைக் குறைப்பார்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிகிச்சை தொடங்கும் முன் அவர் முகத்துக்கு அச்சாக வார்த்த வலைமூடி ஒன்றைப் போட்டு, தலை அசையாமல் படுக்கவைத்துத்தான் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். 30, 35 தடவைக்கும் அதே மூடிதான். கன்னம் ஒட்டினால் மூடி தளரும், தலை உள்ளே நகரும். மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு, நடுவில் சிகிச்சைக்கு இடைவெளி. வீட்டில் தயிரை நிறுத்தியதற்கும் அங்கே மெஷின் நின்றதற்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. எங்களுக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான். மருந்துக்காக நகையை அடகு வைத்தவர்கள், கையருகே இருக்கும் முட்டைக்குப் பயப்படுகிறார்கள்.

என்ன கொடுக்கலாம்? மூன்று முட்டையில் 18 கிராம். சுத்தம் செய்த மீன் 100 கிராமில் 18 முதல் 20. அதற்கு வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை, நெத்திலியும் மத்தியும் காணாங்கத்தையும் அதே புரதம்தான். இரண்டு தம்ளர் பாலில் 13. கெட்டிப் பருப்பு ஒரு கரண்டியில் 7. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் போட்டால் 8. சோறு, இட்லியில் வருவது 15. எண்பதை எட்டிவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூட்ட வேண்டும்.

கஞ்சிதான் இறங்குகிறது என்றால் கஞ்சியைக் கனமாக்குங்கள். ஒரு டம்ளரில் பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, நெய் ஒரு டீஸ்பூன். 100 கலோரிக் கஞ்சி 250ஐ நெருங்கும், 2 கிராம் புரதம் 10 ஆகும். மாவை முதலில் வெந்நீரில் கரைத்து ஊற்றினால் கட்டி தட்டாது.

வாய்ப்புண் இருப்பவருக்குச் சுறா புட்டு நல்ல வழி. துண்டுகளை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, நடுக் குருத்தெலும்பை எடுத்து, கையால் நன்றாக உதிர்த்து, துண்டு ஏதும் தங்கியிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். பச்சைமிளகாயும் மிளகும் வேண்டாம். சின்ன வெங்காயம், பூண்டை மெத்தென்று வதக்கிச் சேர்த்து, குழைந்த சோற்றில் பிசைந்து கொடுங்கள். வாரம் ஒரு தடவை போதும், மற்ற நாளுக்கு வேறு மீன்.

மீன் வாசனை குமட்டினால் சமைக்கும் நேரம் அவரை மாடியில் உட்காரவையுங்கள். சூடு ஆறியபின் கொடுத்தால் வாசனை அடங்கியிருக்கும். வாந்தி மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். மூன்று வேளை நிறைய என்பதை விட்டு, இரண்டு மணிக்கொருமுறை கொஞ்சம் என்று மாற்றுங்கள்.

வாரம் ஒரே நாள், காலையில், ஒரே எடை மெஷினில் நிற்கவைத்து, ஃபைலின் பின்னட்டையில் தேதியோடு எழுதுங்கள். 60 கிலோ 57க்கு வந்தால் அடுத்த தேதி வரை காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள். காலோ வயிறோ நீர் கோத்திருந்தால் எடை ஏமாற்றும். அப்போது வளையலையும் ரவிக்கைக் கையையும் பாருங்கள்.

மார்பகப் புற்றுநோயில் சிலருக்கு எடை ஏறவும் செய்யும். அவர்கள் குறைக்க வேண்டியது பஜ்ஜியும் பிஸ்கெட்டும். மீனும் முட்டையும் அவர்களுக்கும் வேண்டும்.

ஒரு காலத்தில், நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் நாங்களும் 'தவிர்க்க வேண்டியவை' என்று நீளமான தாளைக் கையில் கொடுத்தவர்கள்தான். எதைச் சாப்பிடலாம் என்பது அதில் கடைசி இரண்டு வரி.

ஆட்டுக்கால் சூப்பே சாப்பாடு என்று நினைப்பது

சூப்பில் இறங்குவது பெரும்பாலும் எலும்பு, ஜவ்விலிருந்து வரும் ஜெலட்டின். உடம்புக்கு வேண்டிய எல்லா அமினோ அமிலங்களும் அதில் இல்லை. தொண்டைக்கு இதமாக இருக்கிறதா, குடிக்கட்டும். ஆனால் சூப்பு குடித்து வயிறு நிறைந்து சாப்பாட்டை ஒதுக்கினால் நஷ்டம்தான். முதலில் முட்டை, பிறகு சூப்பு.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி காயும்

காயாது. வாயால் கொடுக்காவிட்டால் கல்லீரல் தானே குளுக்கோஸ் தயாரிக்கும், அதற்குத் தசையைக் கரைக்கும். சர்க்கரை நோய் இருப்பவர் கட்டுப்பாட்டைத் தொடர வேண்டும். ஸ்டீராய்டு போடும் நாட்களில் சர்க்கரை எகிறும் என்பதால் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். மற்றவர் டீயில் ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்ளலாம்.

"படுத்துக்கோ, நான் பாத்துக்கறேன்"

கீமோ களைப்பு தூங்கினால் தீரும் களைப்பு இல்லை. படுக்கப் படுக்கத் தசை இளகும், எழுந்தால் இன்னும் மூச்சு வாங்கும், மறுபடி படுப்பார். முதல் வாரம் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. வாரத்துக்கு இரண்டிரண்டு நிமிடமாகக் கூட்டி, வாரத்தில் மூன்று நாள் அரைமணி நடை என்ற அளவுக்கு வந்தால் களைப்பு குறைவது தெரியும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். இதோடு வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, பத்துப் பத்தாக இரண்டு தடவை.

எண்ணூர் விரைவுச்சாலை ஓரம் கண்டெய்னர் லாரிப் புகையில் நடக்காதீர்கள். ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணா பூங்கா இருக்கிறது, இல்லையென்றால் மொட்டை மாடி. காய்ச்சல் அன்று நடை வேண்டாம். எலும்புக்குப் பரவியிருந்தாலோ ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இருந்தாலோ முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

அறுவைசிகிச்சை செய்த பக்கத்துக் கையை அசைக்காமல் வைப்பது

அக்குளில் நெறிக்கட்டு எடுத்த பெண்கள் கையை மடியிலேயே வைத்திருந்து, இரண்டு மாதத்தில் தலை பின்னக்கூட முடியாமல் போகிறார்கள். விரலையும் முழங்கையையும் மறுநாளே மடக்கி நீட்டலாம். நீர் வடிய வைத்த குழாயை எடுத்து, டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சரி என்றதும் சுவரைப் பார்த்து நின்று விரலால் மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, நாளைக்கு அதைத் தாண்டப் பாருங்கள். ஐந்து தடவை, நாளுக்கு மூன்று வேளை.

அதற்காக எடுத்த எடுப்பில் அடிபம்பு அடித்துக் குடத்தை இடுப்பில் ஏற்றக்கூடாது. குடம் நிறைந்தால் 12, 15 கிலோ. அரை லிட்டர் பாட்டிலில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அதனாலேயே கை வீங்கிவிடாது. படிப்படியாக எடை தூக்குவது வீக்கத்தை அதிகமாக்குவதில்லை என்று 2009இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆயுளுக்கும் எதையும் தூக்காதே என்பது பழைய பேச்சு.

சீந்தில், முள்சீத்தா இலை, வாட்ஸ்அப் சூரணம்

கீமோ ஓடும்போது வேண்டாம். சீந்திலால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு, பல கீமோ மருந்துகளை உடைப்பதே கல்லீரல்தான்.

அத்தோ (பர்மா நூடுல்ஸ்), பானிபூரி, வெட்டிவைத்த பழம்

பச்சைக் கோஸ் சேர்ந்த எதுவும் வெளியில் வேண்டாம். லாரித் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

வாய் கொப்பளிக்காமல் விடுவது

ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா; நாலு மணிக்கொருமுறை, புண் வரும் முன்பே.

காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு விடியும்வரை பார்ப்பது

ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் தரைதட்டும் நேரம். அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. கிருமியோடு சண்டை போட உடம்பில் ஆளில்லாததால் சீழ் வைக்காது, சிவக்காது, காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பாரசிட்டமால் அந்த ஒரே அடையாளத்தையும் மறைத்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை போட்டு, குறைந்துவிட்டது என்று தூங்கி, காலையில் ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் ஆட்டோவில் ஏற்றுவார்கள்.

நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது, டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். ஒருமுறை 101ஐத் தொட்டாலோ, 100.4க்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலோ கிளம்ப வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் தெரியாமலும் போகலாம், அதனால் குளிர்நடுக்கம் வந்தாலும் அதே அவசரம். கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளும் கீமோ ஃபைலும் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கட்டும். அவசரப் பிரிவில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்வார்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டிய ஆள் இவர். வாசலிலேயே சொல்லுங்கள்: "கீமோ போட்டு ஒன்பது நாள் ஆகுது, காய்ச்சல் 101."