சர்க்கரை இல்லாத ஹாட் சாக்லேட்: கருப்பட்டியும் இல்லாமல்

திருநெல்வேலிப் பக்கம் யார் வீட்டிலாவது "எனக்குச் சர்க்கரை ஆகாது" என்று சொல்லிப் பாருங்கள். "அதனாலென்ன, கருப்பட்டி போட்டுத் தருகிறேன்" என்பார்கள். உடன்குடிக் கருப்பட்டியின் மணத்தை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள்தான். இரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும். எனவே இங்கே அதற்கும் இடமில்லை.

கடையில் 'டிரிங்கிங் சாக்லேட்' டப்பாவை எடுக்காதீர்கள். உள்ளடக்கப் பட்டியலில் எடை கூடிய பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. அதில் பெரும்பாலும் சர்க்கரையே முதலில் நிற்கும். நமக்கு வேண்டியது இனிப்புச் சேர்க்காத கோகோ தூள். ஒரு டம்ளருக்கு 5 கிராம் போதும், அதாவது சற்றே குவிந்த இரண்டு தேக்கரண்டி. பால் 200 மில்லி.

1. கோகோவை நேராகப் பாலில் கொட்டினால் நனையாமல் மிதந்து கட்டி தட்டும். அதனால் கிண்ணத்தில் தூளைப் போட்டு, வெதுவெதுப்பான பால் இரண்டு தேக்கரண்டி மட்டும் விட்டு, கரண்டியின் முதுகால் தேயுங்கள். முதலில் திப்பிதிப்பியாக முரண்டுபிடிக்கும். விடாமல் தேய்த்தால் அரைத்த சந்தனம்போல் வழவழவென்று வரும். அவசரப்படாதீர்கள், மொத்த வேலையும் இதில்தான்.

2. மீதிப் பால் பொங்கியதும் தீயைக் குறைத்து, விழுதைக் கரைத்து, மூன்று நிமிடம் கிளறுங்கள். லேசாகக் கெட்டிப்படும்.

3. ஒரு சிட்டிகை உப்பு, தட்டிய ஏலக்காய். உப்பு கசப்பை அடக்கும். குற்றாலச் சாரல் வீசும் மாலையென்றால் ஏலக்காய்க்குப் பதில் சுக்கு.

4. இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, நுரையோடு குடியுங்கள்.

இனிப்பே இல்லாமல் முடியாது என்பவர்கள் அடுப்பை அணைத்தபின் துளி சீனித்துளசித் (ஸ்டீவியா) தூள் சேர்க்கலாம். கூடினால் நாக்கில் கசப்பு தங்கும். பேரீச்சம்பழ விழுதும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும்.

சமன்படுத்திய பாலில் செய்தால் ஒரு டம்ளரில் சுமார் 130 கலோரி, 7 கிராம் புரதம், கோகோவிலிருந்து 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நார்ச்சத்து. கால்சியம் பாலிலிருந்து வருகிறது. மக்னீசியமும் கொஞ்சம் இரும்பும் கோகோவின் பங்கு. பாலுக்கே உரிய சர்க்கரையான லாக்டோஸ் 9, 10 கிராம் இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் அதை மாவுச்சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். காஃபீனும் உண்டு, காபியைவிட மிகக் குறைவு. ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்குப் படுக்கப்போகும் நேரத்தில் கொடுக்க வேண்டாம்.