பாலைவன நடைக்குத் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வையுங்கள்

முதல் நாள் இரவே பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரில் படுக்க வைத்துவிடுங்கள். காலையில் கிளம்பும்போது மேலே சாதாரணத் தண்ணீரை நிரப்பிக்கொண்டால் போதும். டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில், ப்ளூ க்ரீக் பாதையில் ஹோமர் வில்சன் பண்ணை வீடு வரை நடப்பவர்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். பழைய பண்ணை வீடுதானே, ஒரு குழாயாவது இருக்காதா என்று நம்பிப் போகாதீர்கள். தண்ணீர் கிடையாது, வழியில் நிழலும் அபூர்வம்.

முழு பாட்டிலையும் உறைய வைத்தால் நடுவழியில் கட்டிதான் மிஞ்சும், சொட்டுச் சொட்டாக உருகுவதற்குள் தாகம் கொன்றுவிடும். படுக்க வைத்தால் பாட்டிலின் நீளத்துக்கும் பட்டையாகப் பனி பிடிக்கும். அதன் மேலேயே தண்ணீர் ஓடுவதால் முதல் மடக்கிலிருந்தே ஜில்லென்று குடிக்கலாம். ஒரு கிராம் பனி உருக 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் பனியே வெகுநேரம் தாங்கும். வெந்நீராகிப் போன தண்ணீரை யாருக்குத்தான் குடிக்கப் பிடிக்கும்?

குளிர்கால நடைக்கு இது தேவையில்லை. ஸ்டீல் ஃபிளாஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, அதற்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்பதற்காக அளவைக் குறைக்காதீர்கள்: அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் வேண்டும்.