கரையில் கிடக்கும் சீல் குட்டிக்கு எப்படி உதவுவது

இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை சாம்பல் சீல்கள் (கடல்நாய்கள்) குட்டி போடும். அங்கே ஹார்சி என்ற ஊர்ப் பக்கம் நடக்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பக்கத்தில் போகாதீர்கள். வெள்ளை ரோமக் குட்டி தனியாகக் கிடந்தால் தாய் விட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். தாய் பெரும்பாலும் தண்ணீரில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் நின்றால் கரையேறாது, குட்டிக்குப் பால் கிடைக்காது. பால் குடிப்பதே மூன்று வாரம்தான், அதில் ஒவ்வொரு வேளையும் முக்கியம். கடலில் தள்ளிவிடவும் கூடாது.

நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, தூரத்திலிருந்தே பைனாகுலரில் கண்களைப் பாருங்கள். நல்ல குட்டிக்குக் கண்ணீர் வழிந்து கண்ணைச் சுற்றி ஈர வளையம் இருக்கும். அந்த இடம் காய்ந்திருந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. கழுத்து தெரியும் அளவுக்கு மெலிவு, இருமல், ரத்தம், கழுத்தை இறுக்கும் வலைத்துண்டு, இவற்றில் எது தெரிந்தாலும் கடல் விலங்குகளை மீட்கும் பிரிட்டிஷ் டைவர்ஸ் மரைன் லைஃப் ரெஸ்க்யூ அமைப்பைக் கூப்பிடுங்கள். இடம், நீளம், ரோம நிறம், அலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சொல்லுங்கள். வலையை நீங்களே அறுக்கப் போகாதீர்கள். பாதியில் கடலுக்குள் ஓடிவிட்டால் மறுபடி பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

பயிற்சி பெற்றவர்கள் பின்னாலிருந்து வந்து, தலையில் துண்டைப் போட்டுத்தான் பிடிப்பார்கள். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தை நன்றாகக் கழுவிவிட்டு, கடித்தது சீல் என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதில் வரும் விரல் தொற்றுக்குப் பென்சிலின் கேட்காது, டெட்ராசைக்ளின் வகை மருந்து வேண்டும்.

மீட்ட குட்டி எங்கள் பராமரிப்பு மையத்துக்கு வந்ததும் மீனை நீட்டுவதில்லை. முதலில் உப்புச்சத்து கலந்த நீர், குழாய் வழியாக நேரே வயிற்றுக்கு. பசும்பால் ஆகவே ஆகாது, சீல் பாலில் பாதி கொழுப்பு. வயிறு தாங்கியதும் அரைத்த மீன் கூழ், அப்புறம் முழு ஹெர்ரிங் மீன். மீனைத் தலைப்பக்கமாக வாயில் வைக்க வேண்டும், வாலிலிருந்து விழுங்கினால் துடுப்பு தொண்டையில் குத்தும். தானாகத் தின்னப் பழகியதும் மற்ற குட்டிகளோடு குளத்தில் விடுவோம், அங்கே போட்டி போட்டுத்தான் மீன் பிடிக்க வேண்டும். கொஞ்சிப் பேச எனக்கும் ஆசைதான், ஆனாலும் பேசுவதில்லை. மனிதரை நம்பிப் பழகிய சீல் அடுத்த கடற்கரையில் ஆபத்தில் மாட்டும்.

எடை சுமார் 40 கிலோ ஆனதும் பின்துடுப்பில் அடையாள வில்லை பொருத்திக் கடலில் விட்டுவிடுவோம். வில்லையோடு ஒரு சீலைப் பார்த்தால் தூரத்திலிருந்தே படமெடுத்து எண்ணைத் தெரிவியுங்கள். பிழைத்திருக்கிறதா என்று எங்களுக்கு வேறு எப்படித் தெரியும்?