பினாட்டின் கைப்புச் சுவையைக் குறைக்காதீர்கள்

புதிதாக உணவுப்பொருள் செய்து விற்க இறங்குபவர்கள், யாருமே முகம் சுளிக்காத ஒன்றைத் தேடித்தான் தோற்கிறார்கள். "பரவாயில்லை" என்று தின்றவர் அடுத்த முறை காசு எடுக்கமாட்டார். பனம்பழக் களியைப் பாயில் படை படையாக ஊற்றி வெயிலில் காயவைத்துச் செய்யும் பினாட்டு அப்படியல்ல: ஒருவர் துப்புவார், இன்னொருவர் முழுப் பொதியையும் கேட்பார். அந்த இரண்டாமவரைத்தான் எண்ண வேண்டும்.

பனங்களியின் கைப்புக்குக் காரணம் ஃபிளாபெலிஃபெரின் என்ற சப்போனின் வகைப் பொருள். அது மரத்துக்கு மரம் கூடிக் குறையும். ஆகவே ஒவ்வொரு மரத்துக் களியையும் தனித்தனியே நாக்கில் வைத்துப் பாருங்கள். கைக்கும் களியும் இனிக்கும் களியும் 1:3, 1:1, 3:1 என மூன்று பாய்களில் ஊற்றுங்கள். முதல் படை முழுதும் காயாமல் அடுத்ததை ஊற்றினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் காயவைப்பதை முடித்துவிடுங்கள்.

சோதனைக்கு வீட்டாரும் சிநேகிதரும் வேண்டாம். அவர்கள் மனம் நோகாமல் பேசுவார்கள். யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளுக்கு வருபவர்களில் கலவைக்கு 30 பேரைக் கேளுங்கள். கைப்பு நாக்கில் நிற்கும் என்பதால் ஒருவருக்கு ஒரே கலவை, 10 கிராம் துண்டு. வாய் திறந்து கதைக்கும் முன் 1 முதல் 5 வரை புள்ளி எழுத வையுங்கள். ஒருவர் முகம் சுளித்தால் பக்கத்தில் நிற்பவரின் புள்ளியும் இறங்கிவிடும்.

சராசரி ஏமாற்றும். 30 பேரும் 3 போட்டாலும் சராசரி 3. பத்துப் பேர் 5, பத்துப் பேர் 3, பத்துப் பேர் 1 போட்டாலும் அதே 3. இரண்டாவதுதான் விற்கும். 5 அதிகம் விழுந்த கலவையை எடுங்கள்.

1 போட்டவரிடம் காரணம் கேளுங்கள், இது முக்கியம். "கைக்குது" என்றால் விட்டுவிடுங்கள். "மண் கடிபடுது", "நார் சிக்குது", "பூஞ்சண மணம்" என்றால் அது ருசிபேதம் அல்ல, உங்கள் வேலைக் குறை: களியைத் துணியில் வடியுங்கள், பாயை மெல்லிய வலையால் மூடுங்கள். கைப்புக்குச் சீனி கொட்டத் தொடங்கினால் 1 போட்டவர்கள் 3க்கு ஏறுவார்கள், 5 போட்டவர்களும் 3க்கு இறங்குவார்கள்.

பொதியின் முன்பக்கத்தில் "நன்றாகக் கைக்கும்" என்று பெரிதாக அச்சிடுங்கள். வேண்டாதவர் வாங்கித் திட்டுவது குறையும். நோய் தீர்க்கும் என்று மட்டும் எழுதாதீர்கள். சேர்பொருட்கள், நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தி, காலாவதித் திகதிகள் கட்டாயம்.

பிறகு முழு விலைக்கு 20 பொதி விற்று, வாங்கியவர்களைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் ஐந்து பேராவது திரும்பி வராவிட்டால் விலையைத் தொடாதீர்கள், அடுத்த கலவையை எடுத்துப் பாருங்கள்.