குடும்பமா உட்கார்ந்து படிக்க புக் வாங்கறீங்களா? நான் விழுந்த குழியில நீங்களும் விழாதீங்க

போன வாரம் ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது சபைல ஒரு தங்கச்சி போனை நீட்டி, "அக்கா, இந்த லிஸ்ட்ல இருக்கற 42 புக்கும் ஆர்டர் போடப் போறேன், ஒரு தடவை பார்த்துடுங்க"ன்னா. பார்த்தா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் வாங்கின அதே லிஸ்ட், ரெண்டு மூணு பேர்தான் மாறியிருக்கு. வயித்தக் கலக்கிடுச்சு. அதான் எழுதறேன். டிவியை அமத்துங்க, தினம் ஒரே நேரத்துல படிங்க, இதெல்லாம் சொல்லப் போறதில்ல, உங்களுக்கே தெரியும்.

கிறிஸ்தவ புக்னு சொன்னா உள்ள பார்க்காம வாங்கறது

சொல்லப் போனா இதுக்காகத்தான் உட்கார்ந்தேன், மத்ததெல்லாம் கொசுறு.

எங்க வீடு வேலூர் பக்கம். அப்ப பெரியவளுக்கு 9, சின்னவனுக்கு 6. பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுலயே படிக்க வைக்கற வெளிநாட்டு ஹோம்ஸ்கூல் குடும்பங்களுக்குன்னு போட்ட ஒரு செட், எல்லாம் பழைய இங்கிலீஷ் கதைங்க, கெட்ட வார்த்தை இல்ல, காதல் கீதல் இல்ல, கதைல வர்ற பையன் பொய் சொல்ல மாட்டான், பிள்ளைங்க குணம் நல்லா வரும்னு விளம்பரம். ஷிப்பிங்கோட 18,000 ரூபாய் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் வண்டிக்கு டயர் மாத்த வெச்சிருந்த காசும் அதுலயே போச்சு, அவர் இன்னிக்கும் அதை அப்பப்ப ஞாபகப்படுத்துவார்.

அந்த செட்ல ஜி.ஏ.ஹென்டி எழுதின 'வித் கிளைவ் இன் இண்டியா' இருந்துச்சு. 1884ல வந்தது. ஹென்டி இறந்தே நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா அமெரிக்க ஹோம்ஸ்கூல் வீடுகள்ல இன்னும் அவருக்கு மவுசு இருக்கு, ஏன்னா கதையோட கதையா சரித்திரமும் உள்ள இறங்கிடும். எனக்கு ஒரே குஷி. ஆற்காடு முற்றுகை வேற அதுல வருது, ஆற்காடு நமக்கு இதோ பக்கத்துல, நம்ம ஊர் சரித்திரத்தையே பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்த மாதிரி ஆச்சுன்னு நெனச்சு, ஒரு பக்கம்கூட முன்னாடி புரட்டிப் பார்க்காம அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சுட்டேன்.

சார்லி மேரியட்னு ஒரு பையன், கிழக்கிந்தியக் கம்பெனில எழுத்தர் வேலைக்கு மெட்ராஸ் வர்றான், அப்புறம் கிளைவ் கூட சேர்ந்து சண்டைக்குப் போறான். விறுவிறுன்னு போகும், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா நம்ம ஆளுங்க பெரும்பாலும் யாரா வர்றாங்கன்னா, ஒண்ணு எஜமானுக்காக உயிரைக் குடுக்கற வேலைக்காரன், இல்ல நாலு வெள்ளைக்காரனைப் பார்த்ததும் சிதறி ஓடற கூட்டம். நான் படிக்கும்போதே அங்கங்க ஒரு வரியை முழுங்கி முழுங்கி தாண்டிட்டு இருந்தேன். நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ சின்னவன் கேட்டான், "அம்மா, இதுல நாம எந்த சைடு?"

எனக்கு பதில் வரல. புக்கை மூடிட்டு போய் தண்ணி குடிச்சேன்.

அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுவாங்க, இதுக்குப் போய் என்னன்னு சிலர் சொல்றாங்க. அது சரிதான், என் கோபம் என் மேலதான். நாங்க ராத்திரி குடும்ப ஜெபம் முடிச்சு, அதே பாயில உட்கார்ந்து, இப்பதான் சங்கீதம் வாசிச்ச அதே குரல்ல இந்தக் கதையையும் படிக்கறோம். வேதத்துக்கு அந்தக் குரல்ல கிடைக்கற மரியாதை அப்படியே அடுத்த புக்குக்கும் ஒட்டிக்கும். ஆறு வயசுப் பிள்ளைக்கு அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியுமா?

அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரையும் ஆற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். பாலாத்தங்கரையில கோட்டையோட மிச்சமா டெல்லி கேட் மட்டும் நிக்குது. அங்க நின்னு சொன்னேன், 1751ல கிளைவ் கூட்டிட்டு வந்தது ஏறக்குறைய 200 வெள்ளைக்காரங்க, 300 சிப்பாய்ங்க, முற்றுகை ஆரம்பிச்சப்போ மிச்சம் ஏறக்குறைய 120 வெள்ளைக்காரங்க, 200 சிப்பாய்ங்க, ஐம்பது நாள் உள்ள அடைஞ்சு கெடந்தாங்க, அதாவது உள்ள இருந்ததுலயும் நம்ம ஆளுங்கதான் அதிகம், வெளிய முற்றுகை போட்டதுலயும் நம்ம ஆளுங்கதான் அதிகம்னு. சாப்பாடு தீர்ந்தப்போ சிப்பாய்ங்க சோத்தை வெள்ளைக்காரங்களுக்குக் குடுத்துட்டு தங்களுக்கு கஞ்சித் தண்ணி போதும்னாங்களாம், இங்கிலீஷ் சரித்திரக்காரர் மெக்காலே எழுதி வெச்ச கதை, எவ்வளவு நெசமோ. சின்னவன் அதுலயே நின்னுட்டான். "வெறும் தண்ணியாம்மா? உப்பு இருந்துச்சா?"

இதுல இன்னொரு எரிச்சல். அந்த புக் காப்புரிமை முடிஞ்சு எப்பவோ இணையத்துல இலவசமா கெடக்கு. நான் காசு குடுத்தது அட்டைக்கு.

இப்ப எந்த புக்கா இருந்தாலும் முதல் அத்தியாயம், நடுவுல ஒண்ணு, அப்புறம் வெள்ளைக்காரங்க அல்லாத ஜனங்க முதல்முதலா கதைக்குள்ள வர்ற இடம், இந்த மூணையும் குக்கர் விசில் எண்ணிக்கிட்டே போன்ல படிச்சுட்டுதான் பிள்ளைங்க முன்னாடி எடுப்பேன். அதுக்காக ஹென்டியைத் தூக்கிப் போடல. பெரியவ இப்ப 14, அவளே எடுத்துப் படிச்சு ஓரமெல்லாம் பென்சில்ல ஹென்டியோட சண்டை போட்டு வெச்சிருக்கா. அது பரவால்ல.

வெளிநாட்டு மிஷனரி கதை மட்டுமே வரிசையா

டோனாவூர்ல பிள்ளைங்களை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் கதையைக் கண்டிப்பா படிங்க, 1951ல இறக்கற வரைக்கும் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகாதவங்க. ஆனா அதுக்கு அடுத்து இன்னொரு வெள்ளைக்காரர், அதுக்கு அடுத்து இன்னொருத்தர்னு போனா, சுவிசேஷம்னா கப்பல்ல வர்றவங்க சொல்றது, நாம கேட்டுக்கறதுன்னு பிள்ளைங்க மனசுல பதிஞ்சுடும். நடுவுல, விதவைங்களுக்காக உழைச்ச பண்டித ரமாபாயை வைங்க. அசரியாவை வைங்க, 1874ல வெள்ளாளன்விளையில பொறந்தவர், 1912ல டோர்னக்கல் பேராயர், ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்தியப் பேராயர் அவர்தான். 1910ல எடின்பரோ மாநாட்டுல அத்தனை மிஷனரிங்க முன்னாடி எழுந்து, நீங்க எவ்வளவோ குடுத்தீங்க, எங்களுக்கு நண்பர்களாவும் இருங்கன்னு கேட்டவர். அதைப் படிச்ச அன்னிக்கு எங்க வீட்டுல கொஞ்ச நேரம் யாரும் பேசல.

சின்னப் பிள்ளைங்களுக்குன்னு சுருக்கினது

ஜான் பனியன் எழுதின மோட்சப் பிரயாணத்தை படம் போட்ட 30 பக்க புக்கா பெரியவளுக்கு வாங்கிக் குடுத்தேன். மூணு வருஷம் கழிச்சு முழுசா எடுத்தா "தெரியும்மா இந்தக் கதை"ன்னு எழுந்து போயிட்டா. காதால கேக்கும்போது பிள்ளைங்களுக்கு, தானா படிக்கறதை விட ரொம்ப மேல புரியும், முழுசையே மெதுவா படிங்க. அந்தத் தங்கச்சி லிஸ்ட்ல இருந்த 42ல ஒரு தமிழ் புக்கும் இல்லங்கறதையும் கவனிங்க. பனியன் கதையைத்தான் ஹெச்.ஏ.கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகமா பாடி வெச்சாரு, 1894ல வந்தது. பாதி எனக்கே புரியாது. எங்க மாமா, அதான் மாமனார், நாளுக்கு ரெண்டு பாட்டு ராகம் போட்டு சொல்வார், பிள்ளைங்க அர்த்தம் கேக்காமலே பாடிட்டு திரிஞ்சாங்க.

அத்தியாயம் முடிஞ்சதும் "இதுல என்ன கத்துக்கிட்ட?"

கேக்காதீங்க.

காசு குடுத்தாச்சு, முடிச்சே ஆகணும்

அம்பது பக்கத்துல பிடிக்கலன்னா அலமாரிக்குப் போகட்டும். வேதத்துக்கு மட்டும் இந்த ரூல் கிடையாது, லேவியராகமத்துல நாங்க பட்ட பாடு தனிக் கதை.

படுத்துக்கிட்டே படிக்கறது

நீங்கதான் முதல்ல தூங்குவீங்க.