பனங்கொட்டை புதைத்து, கிழங்கு எடுத்து, மாவாக்கும் வரை

பொங்கலுக்குக் கட்டாக வாங்குகிற பனங்கிழங்கை நாமே விளைவித்தால் என்ன என்று மூன்று வருடம் முன்பு ஆரம்பித்தேன். முதல் வருடம் சுத்தத் தோல்வி. அதில் கற்றதுதான் இந்தப் பதிவு.

ஆவணி, புரட்டாசியில் பனங்காட்டுப் பக்கம் போனால் பழம் தானாக விழுந்து கிடக்கும். ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டை வரை இருக்கும். சதையைச் சுட்டுத் தின்றுவிட்டுக் கொட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சதை ஒட்டியபடியே புதைத்தால் எறும்பு, வண்டு எல்லாம் வந்து சேரும். நாலு நாள் காயவிட்டால் போதும்.

இனி நான் சறுக்கிய இடம். கொட்டையைக் குழி வெட்டிப் புதைக்கக் கூடாது. மற்ற விதைகளில் முளை மேலே வரும். பனங்கொட்டையில் முளை முதலில் கீழே இறங்கும், அதன் நுனியில்தான் கிழங்கு பருக்கும். நான் கொல்லையில் ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் போட்டேன். அடியில் கெட்டியான களிமண். தை மாதம் கடப்பாரையால் தோண்டினால், கிழங்கெல்லாம் கோணி, பாதியில் முறிந்து வந்தது. முப்பது கொட்டைக்கு முழுசாகத் தேறியது ஆறு.

சரியான முறை தலைகீழ். தரைக்கு மேலே இரண்டடி உயரத்துக்கு மணலைக் குவித்துப் பாத்தி கட்டுங்கள். மணல் கிடைக்காவிட்டால் செம்மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்தாலும் சரி. அதன் மேல் கொட்டைகளை ஒன்றோடொன்று தொடும்படி நெருக்கமாக அடுக்கி, நாலு விரல் கனத்துக்கு மணல் மூடுங்கள். இடைவெளி விட வேண்டாம், இது தோட்டப் பயிர் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் இல்லை.

மார்கழிக் கடைசியில் பாத்தியின் ஓரத்தைச் சரித்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே பச்சை ஓலை விரிய ஆரம்பித்துவிட்டால் கிழங்கு நாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், தாமதிக்காதீர்கள். மேலிருந்து பிடுங்க வேண்டாம். பக்கவாட்டில் மண்வெட்டியால் மணலைத் தள்ளினால் தானாகக் கையோடு வரும். கடப்பாரையைத் தொடவே தொடாதீர்கள். மிச்சமாகிற கொட்டையை அரிவாளால் இரண்டாகப் பிளந்தால் உள்ளே பஞ்சு மாதிரித் தவுன் இருக்கும். யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். எங்கள் வீட்டில் கிழங்குக்கு முன்னால் இதற்குத்தான் சண்டை.

அப்புறம் அவிப்பது. மண் போகக் கழுவி, இரு முனையையும் நறுக்கி, உப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பெரிய பானையில் முக்கால் மணி நேரம். குக்கர் சீக்கிரம் வேலையை முடிக்கும், ஆனால் கிழங்கை மடக்க வேண்டியிருக்கும். எனக்குப் பானைதான் பிடிக்கும். வெந்ததும் தோலை உரித்து, நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் பீலியை எடுத்துவிட்டு, நாரையும் இழுத்துவிடுங்கள். நெல்லைப் பக்கம் மிளகு, பூண்டு, உப்பு தட்டி அதோடு தின்பார்கள். வெறும் கிழங்கை அளவில்லாமல் தின்றால் வயிறு உப்பும், அதற்கு இது மாற்று. நார்ச்சத்து இருப்பதால் மலச்சிக்கலுக்குக் கேட்கும் என்பது பெரியவர்கள் சொல்வது. சர்க்கரை நோய்க்கே மருந்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். கிழங்கில் இருப்பது மாவுச்சத்து.

மாவு வேண்டுமென்றால், அவித்த கிழங்கை மெல்லிய வில்லையாக நறுக்கி நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயப் போடுங்கள். ஒடித்தால் ‘டக்’கென்று சத்தம் வர வேண்டும். நான் இரண்டாம் நாளே அவசரப்பட்டு மில்லுக்குக் கொண்டுபோனேன். கல்லில் அப்பிக்கொண்டு மெஷின் நின்றுவிட்டது. மில்காரர் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அரைத்த மாவைச் சலித்து, துருவிய தேங்காயும் பொடித்த கருப்பட்டியும் சேர்த்துப் பிசைந்தால் அப்படியே சாப்பிடலாம். கருப்பட்டி என்றால் எனக்கு உடன்குடிதான். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

பிற்சேர்க்கை 1: ‘மாவு கசக்கிறதே’ என்று இருவர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால், அவிக்காமலே காயவைத்திருக்கிறார்கள். அது தப்பில்லை, வேறு சரக்கு. ஈழத்தில் பச்சையாகக் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து மேல்நீரை வடித்துவிட்டால் கசப்பு குறையும். மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் போட்டுப் புளி விட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழுக்கு அந்த மாவுதான் வேண்டும்.

பிற்சேர்க்கை 2: மாடிவீட்டுக்காரர்களுக்கு. போன வருடம் சிமென்ட் சாக்கில் இரண்டடி மணல் நிரப்பிப் பன்னிரண்டு கொட்டை வைத்துப் பார்த்தேன். அடியில் ஓட்டை போட மறந்த ஒரு சாக்கில் எல்லாம் அழுகிவிட்டது. ஓட்டை போட்ட சாக்கில் ஒன்பது வந்தது. எடுக்கும்போது சாக்கைக் கிழித்துவிடுங்கள், அதுதான் சுலபம்.