பொதி எங்கே தொலைகிறது?

நல்லூரில் இருந்து கனடாவுக்கு இணையத்தில் அனுப்பும் படம் ஒரே துண்டாகப் போவதில்லை. பெரும்பாலும் 1500 பைற்றுக்கு மேற்படாத பொதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முகவரியைச் சுமந்தபடி றவுட்டருக்கு றவுட்டர் கைமாறும். வழியில் தொலைந்த பொதியை டிசிபி (தரவு முழுதாகச் சேர்வதைக் கவனிக்கும் விதிமுறை) திரும்ப அனுப்பும். வேகம் குறைவது அதனால்தான்.

எங்கே தொலைகிறது என்று அறிய, முதலில் வீட்டு றவுட்டருக்கு 100 பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொதி) அனுப்புங்கள். அங்கேயே இழப்பென்றால் பெரும்பாலும் வைஃபைதான் காரணம், கேபிள் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ட்ரேஸ்ரூட் (வழியில் உள்ள றவுட்டர்களை வரிவரியாகக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு வரி நட்சத்திரமாக வந்தால் பயம் வேண்டாம், சில றவுட்டர்கள் பதில் சொல்லாது.

சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால் பொதியின் அளவைச் சந்தேகியுங்கள். துண்டாக்கத் தடை போட்டு 1472 பைற் பிங் அனுப்புங்கள்; முகவரி முதலியவை உள்ள தலைப்பு 28 பைற் சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1464 போனால், றவுட்டரில் எம்ரியூவை (ஒரு பொதியின் உச்ச அளவை) 1492 ஆக்குங்கள். பிபிபிஓஇ (சில இணையச் சேவைகள் பயன்படுத்தும் முறை) இணைப்பு 8 பைற்றை எடுத்துக்கொள்கிறது.